சமையலறை ஜன்னல் வழக்கு

தன் வேலையில் ஒரு குறை இருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால் ஒருதரம் என்று ஊர் அழைக்கும் அந்த மனிதருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிச் சொல்லும்படி அவர் யாரையும் விட்டதில்லை என்பது வேறு விஷயம். வீடுகளுக்கு எரிவாயு அடுப்புப் பொருத்துவதும் குழாய் இணைப்பதும் அவர் தொழில். வேலை முடிந்து பையைத் தோளில் மாட்டும்போது, "ஒரு தரம் மாட்டினா மாட்டினதுதான். மறுபடி என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது" என்று எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி சொல்லிவிட்டு வருவார். அதனால் அவருக்கு வாய்த்த பெயர்தான் ஒருதரம். பெற்றோர் வைத்த பெயரை இப்போது அரசாங்கத்தைத் தவிர யாரும் கூப்பிடுவதில்லை.

அவர் மனைவி செருப்புக் கடையில் விற்பனையாளர். கணவனின் பெயரில் அவளுக்கு இருந்த பெருமை அவருக்கே இருந்ததா என்பது சந்தேகம். கடைக்கு வருகிறவர்களின் காலுக்கு அளவு பார்த்துக்கொண்டே, "உங்க வீட்டு அடுப்பு யார் மாட்டினது?" என்று பேச்சை ஆரம்பித்து, கடைசியில் தன் வீட்டுக்காரரில் கொண்டுவந்து முடிப்பாள். கடைமுதலாளி, "செருப்பு விக்கச் சொன்னா அடுப்பு விக்கிறியேம்மா" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட ஒருதரத்தைத்தான், ஆளில்லாத ஒரு வீட்டின் சமையலறை ஜன்னலிலிருந்து பட்டப்பகலில் இறங்கும்போது பிடித்தார்கள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. ஜன்னலின் கொசுவலை கழற்றிக் கீழே வைத்திருந்தது, கொக்கி நெம்பி வளைந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் திரைச்சீலைக் கம்பியைப் பிடுங்கிக்கொண்டு வந்து நின்று கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. ஒருதரம் ஓடவில்லை. "நான் திருடன் இல்ல" என்றார். "அப்புறம் எதுக்குய்யா உள்ள போனே?" என்று கேட்டதற்கு வாயில் பூட்டுப் போட்டுக்கொண்டார். போலீஸ் கேட்டபோதும் அதே பூட்டுதான். வீடு புகுந்து திருட முயன்றதாக வழக்குப் பதிவானது.

ஜாமீனில் எடுத்துக்கொண்டு வந்தது அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை. அந்தக் குடும்பத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட முதல் ஆள் அவள்தான். இத்தனை நாளும் பெரிய வக்கீல் ஒருவரின் பின்னால் வழக்குக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், இந்த வழக்கைத் தானே நடத்துவேன் என்று ஒற்றைக் காலில் நின்று வாங்கியிருந்தாள். அக்காவுக்கு ஒரு பக்கம், இவள் தனியாகச் சமாளிப்பாளா என்ற கவலை. இன்னொரு பக்கம், இந்த நேரத்திலும் பாருங்கள், தங்கை அந்தக் கோட்டை நாற்காலி முதுகில் மாட்டுகிற தோரணையைப் பார்த்துப் பெருமையாகத்தான் இருந்தது.

சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"ஒண்ணும் எடுக்கலையே, அப்புறம் எப்படிடி திருட்டுக் கேஸ் ஆகும்?" என்று அக்கா கேட்டாள். அந்த வீட்டுக்காரர்களே திரும்பி வந்து, ஒரு கரண்டி கூடக் குறையவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தைத்தான் அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எடுக்கணும்னே இல்லக்கா. அதுதான் எல்லாரும் தப்பா நினைச்சுக்கிறது" என்றாள் தங்கை. "உள்ள கால் வைக்கிற அந்த நேரத்துல மனசுல என்ன இருந்துச்சுங்கறதுதான் கேள்வி. திருடற எண்ணத்தோட நுழைஞ்சா, வெறுங்கையோட திரும்பினாலும் குற்றம்தான். மாமா வலையைக் கழட்டியிருக்காரு, கொக்கியை நெம்பியிருக்காரு. தோள்ல ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், இடுக்கி. அது அவருக்குத் தொழில் சாமான். போலீசுக்கு அது ஜன்னல் உடைக்கிற சாமான்."

"ஜெயிலா?"

"கடை, கிடங்குன்னா கொஞ்சம் லேசாப் பாப்பாங்க. குடியிருக்கிற வீடுன்னா சட்டத்துக்குக் கோபம் அதிகம். பகல் நேரம், யாரையும் மிரட்டல, கையில ஆயுதம் இல்ல, முன்னால வழக்கு எதுவும் இல்ல. இதெல்லாம் நம்ம பக்கம். ஆனாலும் தீர்ப்பு நமக்கு எதிரா வந்தா ஜெயில்தான். அதுக்கப்புறம் அடுப்பு மாட்டற இவரோட உரிமம் போயிடும். வீட்டுக்குள்ள புகுந்தவன்னு பேர் வாங்கினவரை எந்த வீட்டுக்குள்ளயும் வேலைக்கு அனுப்ப மாட்டாங்க." பிறகு அக்கா வீட்டுக்காரராகவும் தன் கட்சிக்காரராகவும் எதிரே உட்கார்ந்திருந்தவரின் பக்கம் திரும்பினாள். "உங்க மனசுல இருந்ததை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது மாமா. எதுக்குப் போனீங்க?"

ஒருதரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "திருடப் போகல. அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா நீதிபதி கேட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிடுவாங்களா? நல்லா இருக்கே" என்றாள் தங்கை.

அரசு வக்கீல் ஒரு வழி சொல்லியிருந்தார். திருடும் எண்ணத்தோடு நுழைந்தார் என்ற குற்றச்சாட்டை விட்டுவிடலாம். அனுமதியில்லாமல் உள்ளே நுழைந்தேன் என்று மட்டும் ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு முடியும், ஜெயில் இல்லை. தங்கை அதைச் சொல்லி வாய் மூடவில்லை, ஒருதரம் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அதையே செஞ்சிடு. ஒத்துக்கறேன்."

"அதுவும் குற்றப்பதிவுதான் மாமா. ஜெயில் இல்லையே தவிர, உரிமம் அதுலயும் போகும். நல்லா யோசிச்சு…"

"யோசிச்சாச்சு."

மனைவி வெலவெலத்துப் போனாள். சட்டையில் ஒரு கறை இருந்தாலும் பொறுக்காத மனுஷன், வீடு புகுந்தவன் என்ற பெயரை ஆயுசுக்கும் சுமக்க இப்படித் துள்ளிக்கொண்டு வருவானேன்? கட்டின நாளிலிருந்து இந்த ஆளைப் பார்க்கிறாள். இவர் மறைக்கிறார், அதுவும் திருட்டை அல்ல, வேறு எதையோ என்று அவளுக்குப் பட்டது. என்னவென்றுதான் பிடிபடவில்லை.

கடையில் அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள், அந்த வாய் அவளுக்கு உண்டு. வழக்கமாக வரும் ஒரு அம்மாள், காலை நீட்டிச் செருப்புப் போட்டுப் பார்க்கும்போது, தரையில் வைத்திருந்த கைப்பையைப் பேச்சோடு பேச்சாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. அந்த அம்மாள் வீட்டு அடுப்பையும் ஒருதரம்தான் மாட்டியிருந்தார். மனைவி குனிந்தபடியே வாரைப் பூட்டிவிட்டு, சரக்கறைக்குள் போய் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்தவருக்கு அளவு பார்த்தாள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது ஒருதரம் சமையலறைத் தரையில் மண்டியிட்டிருந்தார். தங்கள் வீட்டு அடுப்புக்குப் பின்னால் குழாய் சேரும் இடத்தில் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, வாயு கசிந்து குமிழி வருகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வரவில்லை. துடைத்தார். மறுபடி நுரையைத் தடவினார்.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இவர் எதையும் இரண்டாம் தடவை பார்க்கிற ஆளே இல்லை. பார்த்தால் அது தனக்கே அவமானம் என்று நினைக்கிறவர். அந்த அடுப்பை மாட்டிய நாளிலிருந்து அதன் பின்பக்கம் கை வைத்ததில்லை. அவளுக்கு நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்தது. போன மாதம்தான் ஜன்னல் வீட்டுக்காரர்களுக்கும் இவர் புது அடுப்பு மாட்டிக் கொடுத்திருந்தார். பிடிபட்டதே அந்த வேலை முடிந்த அன்றைக்குத்தான். வேலைக்குப் போன வீட்டில் நோட்டம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறான் என்றுதான் போலீசும் எழுதியிருந்தது.

"அந்த வீட்டு ஜாயின்ட்டை இறுக்காம வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஒருதரம் திரும்பவில்லை. ஆனால் துணி பிடித்திருந்த கை அப்படியே நின்றுபோனது. அவளுக்கு அது போதும்.

பிறகு அவராகவே சொன்னார், சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்த வீட்டுக்காரர்கள் வெளியூர் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்கள். நட்டைக் கையால் சுற்றிவிட்டு ஸ்பேனரை எடுக்கப் போகும்போது அந்த வீட்டுப் பெரியவர், உங்களைப் பற்றி ரொம்பக் கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாராம். விடுவாரா நம் ஆள்? ஒரு தரம் மாட்டினால் மாட்டினதுதான் என்கிற கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். அடுப்பைப் பற்ற வைத்துக் காட்டினார், எரிந்தது, பெரியவர் கைகுலுக்கினார். ஸ்பேனர் பைக்குள்ளேயே இருந்தது. தற்பெருமை பேசின வாய், வேலையைத் தின்றுவிட்டது.

"சாப்பிட உக்கார்ந்தேன். நட்டு நிக்கிற இடத்துல மணிக்கட்டுல ஒரு அழுத்தம் வரும். அன்னிக்கு அது வந்த ஞாபகமே கைக்கு இல்ல. பூட்டின வீடு. ஃபிரிட்ஜ் தானா ஓடும், நிக்கும். ஒரு பொறி போதும். அந்தப் பக்கத்து வீட்டுல சின்னக் குழந்தைங்க. ஓடினேன். சுவர்ல காது வச்சா சத்தம் கேக்கல, ஜன்னலோரம் வாசனை லேசா வந்துச்சு. ஏறிட்டேன். வால்வை மூடி, இறுக்கி, வாயு வெளிய போக ஜன்னலை முழுசாத் திறந்து விட்டு, வால்வைத் திறந்து நுரை வச்சுப் பார்த்து, மறுபடி மூடிட்டு இறங்கும்போது பிடிச்சுட்டாங்க."

"இதைச் சொல்ல வேண்டியதுதானே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"உனக்குப் புரியாது." முதல் தடவையாக அவளைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "திருடன்னு சொன்னா அது பொய்னு எனக்குத் தெரியும். ஊரே சொன்னாலும் அது என்னை ஒண்ணும் பண்ணாது. இது உண்மை. இதைச் சொல்லிட்டா, நான் மாட்டின ஒவ்வொரு அடுப்பு முன்னாலயும் நின்னு, இதை இறுக்கினானா இல்லையான்னு கேப்பாங்க."

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இத்தனை நாள் அழுத அழுகையெல்லாம் சேர்ந்து கோபமாக வந்தது. "கேக்கட்டுமே! கேட்டா பதில் சொல்லலாம். இன்னிக்கு ஒரு அம்மா என் முன்னால பையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது? திருடன் பொண்டாட்டியா இருக்கறதுக்கு, மறதிக்காரன் பொண்டாட்டியா இருக்கறது ஆயிரம் மடங்கு மேல். உங்க பெருமைய நீங்க மட்டுமா சுமக்கறீங்க? உங்களை விட நான்தான் ஊரெல்லாம் தூக்கிட்டு அலைஞ்சேன். அதை இறக்கி வைக்கிற உரிமை எனக்கும் இருக்கு."

அவர் எழுந்தார். சோப்புக் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தார். காலையில் அவராகவே மச்சினிக்குப் போன் செய்து, ஒப்புக்கொள்ளப் போவதில்லை, வழக்கை நடத்து என்றார். விஷயம் என்ன என்பதையும் சொன்னார். தங்கை போனிலேயே கத்தினாள். "இதை முதல் நாளே சொல்லியிருந்தா நான் ஒழுங்காத் தூங்கியிருப்பேனே மாமா!"

நீதிமன்ற அறை சின்னது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததே தவிர காற்று வரவில்லை. மனைவி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. பாதி முகங்கள் தெரிந்த முகங்கள், எல்லாம் ஒருதரம் அடுப்பு மாட்டிக் கொடுத்த வீடுகள். கைப்பை அம்மாளும் வந்திருந்தாள்.

முதலில் அந்த வீட்டுப் பெரியவர் சாட்சி சொன்னார். தங்கை எழுந்தாள். குரல் ஆரம்பத்தில் லேசாக நடுங்கியது, அக்காவுக்கு மட்டும் தெரிகிற நடுக்கம்.

"நீங்க திரும்பி வந்து அடுப்பைப் பத்த வச்சீங்களா?"

"வச்சோம். எரியல. பாத்தா சுவர்ல இருக்கிற வால்வு மூடியிருந்துச்சு."

"கிளம்பும்போது மூடிட்டுப் போனீங்களா?"

"இல்லம்மா. திறந்தே இருந்துச்சு. அவசரத்துல அப்படியே கிளம்பிட்டோம்."

"திருட வந்தவர் எதையும் எடுக்காம, வால்வை மட்டும் மூடிட்டுப் போயிருக்காரு. சமையலறையைத் தாண்டி வேற எந்த அறைக்காவது போன அடையாளம் இருந்துச்சா?"

"இல்ல."

தங்கை அத்தோடு உட்கார்ந்துவிட்டாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அக்கா வியந்தாள். சின்ன வயதில் வாயை மூடச் சொல்லி இவளை எத்தனை தடவை கிள்ளியிருக்கிறாள்!

அடுத்து ஒருதரம் கூண்டில் ஏறினார். இறுக்க மறந்ததைச் சொன்னார். குரல் கம்மியது, நீதிபதி அம்மாள், "சத்தமா" என்றார். மறுபடி சொன்னார், இந்தத் தடவை பின்வரிசைக்கும் கேட்டது. தற்பெருமை பேசிக்கொண்டிருந்ததில் மறந்தேன் என்பதையும் விடாமல் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு அடங்கியது.

அரசு வக்கீல் நிதானமான மனிதர். கேள்வி எது என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"வீட்டுக்காரர் நம்பர் உங்க போன்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"போன் பண்ணி, வீட்டுல வாயு கசியுது, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருக்கலாம்."

"பக்கத்து வீட்டுல சொல்லியிருக்கலாம். தீயணைப்புக்குச் சொல்லியிருக்கலாம். இதெல்லாம் விட்டுட்டு ஜன்னலை நெம்பி ஏறினது, அந்த வீட்டைக் காப்பாத்தறதுக்காகன்னு இந்த நீதிமன்றம் நம்பணும், இல்லையா?"

தங்கையின் முதுகு விறைத்தது. ஆமாம் என்ற ஒரு சொல்தான் வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் முந்தின நாள் முழுக்க அவரைத் தயார் செய்திருந்தாள். ஆபத்தைத் தடுக்கப் போனேன் என்றால் அத்துமீறி நுழைந்த குற்றம் கூட நிற்காது.

ஒருதரம் அந்த வீட்டுப் பெரியவரைப் பார்த்தார், பிறகு நீதிபதியைப் பார்த்தார்.

"வெடிச்சிடுமோன்னு பயம் இருந்துச்சுங்க. பொய் சொல்லல. ஆனா அந்த வீட்டை மட்டும் காப்பாத்தணும்னா போன் போதும். நீங்க சொல்றது சரிதான். யாருக்கும் தெரியாம இறுக்கிட்டு வந்துடணும்னுதான் ஜன்னல்ல ஏறினேன். என் பேரைக் காப்பாத்தப் போனேன். காப்பாத்தின ஆள்னு என்னைச் சொல்லாதீங்க. அந்தப் பெருமை எனக்கு வேண்டாம்."

தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அரசு வக்கீல் அடுத்த கேள்விக்காக வாயைத் திறந்தவர், மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மனைவிக்கு உடம்பு சிலிர்த்தது. வீரனாக இறங்கி வருவதற்குப் படி போட்டுக் கொடுத்தார்கள், இந்த மனுஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஜெயில் வாசலில் நின்றுகொண்டு சொல்லிவிட்டார். அடுப்புக்கு அடுப்பு தூக்கிச் சுமந்தாளே ஒரு பெருமை, அதெல்லாம் இதற்கு முன்னால் தூசு என்று அவளுக்குத் தோன்றியது.

நீதிபதி அம்மாள் மாலையில் தீர்ப்புச் சொன்னார். திருடும் எண்ணத்தோடு நுழைந்தார் என்பது நிரூபிக்கப்படவில்லை, மாறாக வேறு எண்ணத்தோடு நுழைந்தார் என்பதுதான் தெரிகிறது. தனக்குச் சாதகமான பதிலையே வேண்டாம் என்று தள்ளியவர் மற்றதைப் பொய்யாகச் சொல்லியிருப்பார் என்று நம்ப இடமில்லை. ஆபத்தும் உண்மையாகவே இருந்தது, அதனால் அத்துமீறலும் நிற்காது. விடுதலை. இதோடு விடவில்லை அந்த அம்மாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல மூடி, மூட வேண்டிய நேரத்துல திறந்ததால வந்த வழக்கு இது. அடுத்த தடவை போன் பண்ணுங்க" என்றார். ஒருதரம் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினார்.

வெளியே வராந்தாவில் அந்த வீட்டுப் பெரியவரின் மனைவி வழிமறித்தார். ஒருதரம் கைகூப்பினார். "மன்னிச்சிடுங்கம்மா. ஜன்னல் கொக்கியை நான் சரி பண்ணித் தரேன்."

"அன்னிலேர்ந்து அந்தச் சமையலறையில தனியா நிக்க எனக்குப் பயம்" என்றார் அந்த அம்மாள். "எதுக்குன்னே தெரியாம ஒருத்தர் புகுந்துட்டுப் போன இடம்னு உள்ளுக்குள்ள ஒரு நடுக்கம். இப்ப எதுக்குன்னு தெரிஞ்சு போச்சு. வாங்க, வந்து கொக்கியைச் சரி பண்ணுங்க. வாசல் வழியா வாங்க."

கைப்பை அம்மாளும் விடவில்லை. பின்னாலேயே வந்து, "எங்க வீட்டு ஜாயின்ட்டையும் ஒரு பார்வை பார்த்துடுங்களேன், மனசுக்கு என்னமோ போல இருக்கு" என்றாள். எதற்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடியிருந்தாரோ, அது நேராக எதிரில் வந்து நின்றது. ஒருதரத்தின் முகம் கறுத்தது. ஒரு நிமிஷம்தான். "நாளைக்குக் காலைல வரேம்மா" என்றார்.

அப்போது மனைவியின் போன் அடித்தது, கடைமுதலாளி. வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவள் குரலெடுத்துப் பேசினாள்.

"என்னம்மா ஆச்சு, விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க, விட்டுட்டாங்க, அது கிடக்கட்டும். எங்க வீட்டுக்காரர் நட்டை இறுக்க மறந்துட்டாருங்க! அத்தனை பேர் முன்னாலயும் அவர் வாயாலயே சொன்னாரு. நீங்க வந்து பார்த்திருக்கணும்!"